இனிப்பு மேசைக்குக் கடன் வேண்டாம்: வாசகர் கேள்வி – பதில்

ஆவணி முகூர்த்தங்கள் நெருங்குவதால், இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை திருமண வரவேற்பில் வைக்கும் இனிப்பு மேசையைப் பற்றியே கேட்டிருந்தன. ஒரே விடயத்தைப் பல பக்கங்களிலிருந்து தொடுகின்ற கடிதங்கள் என்பதால் அவற்றை ஒன்றாகத் தொகுத்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகளின் திருமணம் ஆவணியில் நடைபெறவுள்ளது. காலையில் கோயிலில் தாலிகட்டு, மாலையில் கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் வரவேற்பு. ஏறத்தாழ 250 பேர் வருவார்கள். கனடாவிலுள்ள என் அக்காவின் மகள், தனது வரவேற்பில் கண்ணாடிப் போத்தல்களில் நிறநிறமாக இனிப்புகளை அடுக்கி, வந்தவர்களே அள்ளி எடுக்கும்படி வைத்திருந்த மேசையின் படங்களை அனுப்பியிருந்தாள். அதைப் பார்த்ததிலிருந்து என் மகளுக்கும் அப்படியொரு மேசை வேண்டுமென்று ஆசை. அலங்காரம் செய்பவர்களிடம் விசாரித்தால், சாப்பாட்டுச் செலவின் பாதியை நெருங்கும் தொகை கேட்கிறார்கள். வீட்டிலேயே செய்ய முடியுமா? எவ்வளவு செய்தால் போதும்?
— மணமகளின் தாய், தருமபுரம்

பதில்: அம்மா, உங்கள் மகளின் ஆசை நியாயமானது, அதைச் சுருக்க வேண்டியதில்லை. அலங்காரம் செய்பவர்கள் கேட்கும் தொகையில் இனிப்புக்குப் போவது ஒரு பங்குதான். மிகுதி முழுவதும் போத்தல்களின் வாடகை, துணி, விளக்கு, ஏற்றி இறக்கும் கூலி, அவர்களுடைய இலாபம் என்பவற்றுக்கே போகிறது. இவற்றுள் பெரும்பாலானவை உங்கள் ஊரிலேயே இரவலாகக் கிடைக்கும். கைவேலைக்கோ, பலகாரச் சூடு என்றால் ஒழுங்கை முழுவதும் வந்து குந்துகின்ற வழக்கம் நம்மிடம் இன்னும் அழிந்துவிடவில்லை. அந்த வழக்கத்தை நம்பியே திட்டமிடுங்கள்.

முதலில் அளவு. முழுச் சாப்பாட்டுக்குப் பின்னர் ஒருவர் நான்கு சிறிய துண்டுகளுக்கு மேல் உண்பது அரிது. 250 பேருக்கு 1000 துண்டுகள் செய்து, அவற்றோடு கரண்டியால் உண்ணக்கூடிய ஒரு வகையையும் வைத்தால் மேசை நிறைந்துவிடும். படங்களில் காணும் மேசைகளில் பதினைந்து, இருபது வகைகள் இருக்கக்கூடும். நமக்கு ஐந்து வகை போதும். வகை கூடும்போது ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மிஞ்சும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சாமான் வாங்க வேண்டிவரும், செய்பவர்களுக்கும் களைப்பு மிகும். ஐந்து வகைகளைத் தாராளமாகக் குவித்து வைத்த மேசை, பதினைந்து வகைகளைக் கிள்ளிக் கிள்ளி வைத்த மேசையைவிடக் கண்ணுக்கும் நிறைவானது என்பது என் உறுதியான எண்ணம்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஐந்து வகைகள் பயற்றம் பணியாரம், சீனி அரியதரம், பால் ரொபி, தேங்காய் ரொபி, கச்சான் அல்வா என்பனவாகும். பயற்றம் பணியாரத்தில் 250, கச்சான் அல்வாவில் 150, மற்றவை ஒவ்வொன்றிலும் 200 என்று கொண்டால் 1000 சரியாக வருகிறது. 250 பணியாரத்துக்கு வறுத்துத் திரித்த பயற்றமா 3 கிலோவும், பாகுக்குச் சீனி இரண்டரைக் கிலோ அளவிலும், தேங்காய் நான்கும் வேண்டும். தேங்காய்ப்பூவை ஈரம் போகப் பொன்னிறமாக வறுத்துச் சேர்த்தால் பணியாரம் ஒரு கிழமை கெடாமல் இருக்கும். பச்சையாகச் சேர்த்தால் மூன்றாம் நாளே மணம் மாறிவிடும். பால் ரொபிக்கு ஒரு ரின்பாலும் அரைக் கிலோ சீனியும் ஒரு சிறு துண்டு பட்டரும் சேர்த்தால் 40 துண்டுகள் வெட்டலாம், ஆகவே ஐந்து ரின்கள் வேண்டும். தேங்காய் ரொபிக்கு அரைக் கிலோ சீனிக்கு இரண்டு நடுத்தரத் தேங்காய் என்ற கணக்கில் பத்துத் தேங்காய்கள். பனங்கட்டி இன்று சீனியைவிட விலை கூடியதாகையால் எல்லாவற்றிலும் அதைச் சேர்க்க முனையாதீர்கள். அதன் சுவை எடுத்துத் தெரியக்கூடிய ஒரேயொரு வகையில் மட்டும் சேர்த்தால் போதும்.

துண்டின் பருமன்தான் செலவைத் தீர்மானிப்பது. மேலே சொன்ன கணக்கு, ரொபித் துண்டு ஒன்று 20 கிராம் அளவில் இருக்க வேண்டும் என்பதை வைத்தே எழுதப்பட்டது. பெரிதாக வெட்டினால் பாதி கடித்துவிட்டு வைத்த துண்டுகள் மேசைக்கடியிலும் கோப்பைகளிலும் கிடக்கும். சரியான பருமன் வர, வெட்டும் நேரம் முக்கியம். பால் ரொபிக் கலவை சட்டியின் ஓரத்தை விட்டுத் திரண்டு வரும்போது ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டுப் பாருங்கள். கரையாமல், விரல்களுக்கிடையில் மெழுகுபோல உருண்டு நின்றால் உடனே இறக்கி, பட்டர் பூசிய தட்டில் ஊற்றிப் பரப்ப வேண்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தவுடன் எண்ணெய் தடவிய கத்தியால் கோடிட்டுவிடுங்கள். முற்றாக ஆறிய பின் அந்தக் கோடுகளிலேயே உடைத்தால் துண்டுகள் எல்லாம் ஒரே அளவில் வரும். ஆறவிட்டு வெட்டினால் பொடிந்து, 40 துண்டு வரவேண்டிய தட்டில் முப்பதுகூட மிஞ்சாது.

சூட்டு நாட்களையும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். ரொபி வகைகளும் கச்சான் அல்வாவும் திருமணத்துக்குப் பத்து நாளுக்கு முன்னரே செய்யக்கூடியவை. காற்றுப் புகாத பிஸ்கட் ரின்களில் கடதாசி விரித்து அடுக்கினால் நன்றாக இருக்கும். அரியதரத்துக்கு அரிசியை ஊறவைத்து இடித்து அரித்த மாவில் சீனியைக் கலந்து ஓரிரவு வைத்திருக்க வேண்டும் என்பதாலும், எண்ணெயில் இடும் பக்குவம் எல்லோருக்கும் கைவராது என்பதாலும், அதை ஊரில் கைப்பழக்கமுள்ள ஒரு மூத்த அம்மாவின் பொறுப்பில் விட்டு, நான்கைந்து நாட்களுக்கு முன்னர் சுடச் சொல்லுங்கள். பணியாரம் அதற்கு அடுத்த நாள். பொன்னுருக்கு நாளுக்கென்று எப்படியும் பலகாரம் சுடத்தான் போகிறீர்கள். அதே அடுப்பு, அதே எண்ணெய், அதே கைகளால் வரவேற்புக்கும் சேர்த்துச் சுட்டுவிட்டால் தனிச் செலவு குறையும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: காலையில் தட்டங்களில் வைத்துச் சபையில் சுற்றிய பலகாரத்தையே மாலையில் மேசைக்குக் கொண்டுவருவது வேண்டாம். வெயிலிலும் தூசியிலும் பட்டது அது. ரின்னுக்குள் இருந்ததே மேசைக்கு வரட்டும்.

இனிக் கண்ணாடிப் போத்தல்களும் நிறமும். பக்கத்துக் கடைக்காரரிடம் தோடம்பழ இனிப்பு, பல்லிமுட்டை, சூப்புத்தடி ஆகியவற்றை மொத்தமாக 3 கிலோ வாங்குங்கள். அவரிடம் வாங்குவதால், கடையில் இனிப்பு வைக்கும் போத்தல்களில் நான்கைந்தை ஒருநாள் இரவல் கேட்டால் மறுக்க மாட்டார். போத்தலின் நடுவில் ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுற்றிலும் இனிப்பைக் கொட்டினால், அரைக் கிலோ இனிப்பிலேயே போத்தல் கழுத்துவரை நிறைந்து தெரியும். உங்கள் மகள் படத்தில் பார்த்த நிறமெல்லாம் இந்த நான்கு போத்தல்களில் வந்துவிடும். கோயில் திருவிழாக்களுக்கு வரும் தும்பு முட்டாஸ்காரர் ஒருவரைத் தெரிந்திருந்தால், மண்டப வாசலில் இரண்டு மணி நேரம் நிற்க அவருக்கு ஒரு தொகை பேசிக்கொள்ளுங்கள். சீனி அதிகம் செலவாகாத இனிப்பு அது. பிள்ளைகளின் கூட்டமும் மேசையிலிருந்து சற்று விலகும்.

அள்ளி எடுப்பதற்குப் பெரிய பை வைக்க வேண்டாம். உள்ளங்கை அளவான கடதாசிப் பைகளை வைத்தால் எடுப்பவர் தாமாகவே அளவோடு எடுப்பார். மேசையைச் சாப்பாட்டுக்கு முன்னர் திறக்காதீர்கள். திறந்த பின் பெறாமக்களுள் இருவர் இடுக்கியோடு அருகில் நின்று, “இதை எடுங்கோ மாமி, இது அம்மம்மா சுட்டது” என்று சொல்லிக் கொடுக்கட்டும். கனடாவின் படத்தில் அது இருக்காது.

கேள்வி: என் தம்பியின் வரவேற்பு புதுக்குடியிருப்பில் எங்கள் வீட்டு வளவிலேயே பந்தல் போட்டு நடைபெறும். சொக்லேட், பிஸ்கட் புடிங், ஜெலி மூன்றையும் வைக்க எண்ணியுள்ளோம். வெக்கையும் மின்வெட்டும் பயமாக இருக்கின்றன. எப்படிப் பாதுகாக்கலாம்?
— மணமகனின் அக்கா, புதுக்குடியிருப்பு

பதில்: பாதுகாக்க முனைவதைவிட இம்மூன்றையும் மாற்றிவிடுவதே மலிவும் நிம்மதியும் ஆகும், தங்கையே.

நல்ல சொக்லேட்டில் உள்ள கொக்கோக் கொழுப்பு 34 பாகை செல்சியசை அண்மிக்கும்போதே உருகிவிடும். அதனால்தான் அது நாவில் கரைகிறது. நம்முடைய சோளகக் காலத்துப் பகல்வெக்கையில், தகரப் பந்தலுக்குக் கீழே அது தாளோடு ஒட்டிக்கொள்ளும். தாவரக் கொழுப்பில் செய்த மலிவான வகை சற்றுத் தாங்கும் என்றாலும் சுவையில் கொடுத்த காசுக்கு ஈடில்லை. சொக்லேட் நிறமும் மணமும்தான் வேண்டுமென்றால், தேங்காய் ரொபியின் ஒரு தட்டில் இரண்டு மேசைக்கரண்டி கொக்கோத்தூளைக் கலந்துவிடுங்கள். பிள்ளைகள் அதையே முதலில் தேடுவார்கள்.

பிஸ்கட் புடிங்கைப் பந்தலில் வைக்கவே வேண்டாம் என்பது என் கண்டிப்பான கருத்து. பட்டர் இளகுவது ஒருபுறமிருக்க, அதைப் பச்சை முட்டை அடித்துச் செய்பவர்களும் உண்டு. பாலும் முட்டையும் சேர்ந்த எந்த உணவும் குளிரூட்டிக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. வரவேற்பு ஆறு மணி என்று அழைப்பிதழில் போட்டுவிட்டு மணமக்கள் எட்டு மணிக்கு வந்திறங்குவது நமக்குப் புதிதல்ல. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு சட்டி புடிங் நூறு பேரின் வயிற்றைக் கெடுத்துவிடும்.

ஜெலிக்கு நல்ல மாற்று உண்டு. கடைகளில் பைக்கற்றில் விற்கும் ஜெலி பெரும்பாலும் ஜெலற்றினால் ஆனது. ஜெலற்றின் குளிரில் மட்டுமே உறையும், நம்முடைய வெக்கையில் நீராக இளகும். அது விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவதால், சைவ விருந்தில் வைப்பது முறையாகாது. முஸ்லிம் நண்பர்களை அழைத்திருந்தால் அவர்களும் தயங்குவார்கள். அதற்குப் பதிலாகக் கடற்பாசியைப் பயன்படுத்துங்கள். அகர் அகர் என்ற பெயரிலும் அது கிடைக்கும். கொதிக்க வைத்துக் கரைத்தால், குளிரூட்டி இல்லாமலேயே 40 பாகைக்குச் சற்றுக் கீழே ஆறியவுடன் உறைந்துவிடும். ஒருமுறை உறைந்த பின் 85 பாகை வரை சூடேறினால்தான் மறுபடி இளகும். மின்சாரம் போனாலும் அதற்குக் கவலையில்லை.

ஒரு லீற்றர் நீர்மத்துக்குக் கடற்பாசித் தூள் 10 கிராம் போதும். எங்கள் பக்கத்துக்கு மிகப் பொருத்தமானது இளநீர்ப் பாசி. தூளைக் கொஞ்சத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, சீனி சேர்த்து, அடுப்பிலிருந்து இறக்கிய பின் இளநீரையும் மெல்லியதாகச் சீவிய வழுக்கையையும் கலந்து, அகலத் தட்டில் ஊற்றுங்கள். இளநீர் குளிர்ந்திருந்தால் ஊற்றும்போதே கட்டிபடும். ஆகவே அதை இளஞ்சூடாக்கிச் சேர்க்க வேண்டும். தேசிக்காய் பிழிவதென்றால் அதுவும் இறக்கிய பின்னரே, ஏனென்றால் புளிப்போடு சேர்த்துக் கொதித்தால் பாசி உறையும் வலுவை இழந்துவிடும். கோப்பைகளில் ஊற்றினால் 250 பேருக்குப் பதினைந்து லீற்றர் தேவைப்படும். தட்டில் ஊற்றி இரண்டு விரல் அகல வில்லைகளாக வெட்டினால் ஏழு எட்டு லீற்றரில் முடிந்துவிடும். விருந்தன்று காலையில் செய்து, ஈரத்துணியால் மூடி வையுங்கள்.

கரண்டியால் உண்ணும் வகை ஒன்று கட்டாயம் வேண்டுமென்றால் எருமைத் தயிரும் பாணியும் வையுங்கள். மாடு வளர்க்கும் வீடுகளில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் மண்சட்டியிலேயே உறையவைத்துத் தருவார்கள். புளித்த உணவு என்பதால் புடிங்கைவிட நன்றாகத் தாங்கும், ஒரு லீற்றர்ச் சட்டி எட்டுப் பத்துப் பேருக்குக் காணும். எனினும் அதையும் மாலையில்தான் கொண்டுவந்து இறக்க வேண்டும்.

பந்தல் என்பதால் இன்னும் இரண்டு காரியங்கள் பாருங்கள். சோளகம் புழுதியை அள்ளிக்கொண்டு வருகின்ற பக்கத்தை மறைத்துவிட்டு மேசையை வையுங்கள். மேசைக்கால்கள் ஒவ்வொன்றையும் தண்ணீர் நிறைந்த சிரட்டையிலோ கிண்ணத்திலோ நிறுத்தினால் எறும்பு ஏறாது; மேசைவிரிப்பு நிலத்தில் படாமல் ஒரு சாண் மேலே நிற்கட்டும், பட்டால் அதுவே எறும்புக்கு ஏணியாகிவிடும்.

கேள்வி: நாங்கள் கச்சானும் எள்ளும் செய்கின்ற விவசாயக் குடும்பம். எங்கள் சொந்த விளைச்சலைக் கொண்டே இனிப்பு மேசையை நிரப்பலாம் என்று நான் சொல்ல, “பட்டணத்து ஆட்கள் வருகிற இடத்தில் கச்சான் அல்வாவா வைப்பது” என்று வீட்டில் மறுக்கிறார்கள். தாங்கள் என்ன சொல்வீர்கள்?
— மணமகன், விசுவமடு

பதில்: தம்பி, உங்கள் பக்கமே என் பக்கமும். சொந்த மண்ணில் விளைந்ததைச் சொந்தக் கையால் செய்து விருந்தினர் முன் வைப்பதைவிட மரியாதையான இனிப்பு மேசை எதுவும் இல்லை. இத்தாலியரின் திருமணங்களில் சீனிப்பூச்சு இட்ட வாதுமைப் பருப்பு ஐந்தைச் சிறு பையிலிட்டு ஒவ்வொரு விருந்தினருக்கும் கொடுப்பது இன்றும் வழக்கம்; நலம், செல்வம், மகிழ்ச்சி, பிள்ளைப்பேறு, நீண்ட ஆயுள் என்பவற்றை அந்த ஐந்தும் குறிக்கும் என்பார்கள். அவர்களுடைய மண்ணில் விளையும் பருப்பு அவர்களுக்குப் பெருமை என்றால், உங்கள் மண்ணில் விளைந்த கச்சான் உங்களுக்கு ஏன் குறைவாக வேண்டும்?

ஆனால் நேர்த்தியாகச் செய்ய வேண்டும். திருவிழாக் கடையில் தாளில் சுற்றித் தரும் முரட்டுப் பாளமாக வைத்தால் வீட்டார் சொல்வதில் நியாயம் வந்துவிடும். கச்சானை முதலில் ஒவ்வொன்றாகத் தெரியுங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சணம் பிடித்தது எதுவும் சேரக் கூடாது. அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு ஈரலுக்குக் கேடானது, வறுத்தாலும் போகாது. தெரிந்ததை மணலில் வறுத்து, கோதும் தோலும் நீக்கிப் புடைத்து, ஒரு கிலோ பருப்புக்கு முக்கால் கிலோ சீனி என்று பாகு காய்ச்சுங்கள். சிறிது தேசிப்புளி சேர்த்தால் பாகு மணல்போலப் பூத்துப்போகாது. தண்ணீரில் விட்ட பாகு, தட்டில் போட்டால் கணீரென்று ஒலிக்கும் பதத்தில் பருப்பைக் கொட்டிக் கிளறி, எண்ணெய் பூசிய பலகையில் போட்டு, உருளையால் விரல் மொத்தத்தைவிட மெல்லியதாக உருட்டி, சூட்டோடு சிறு சதுரங்களாக வெட்டிவிட வேண்டும். சற்றுப் பிந்தினாலும் கத்தி இறங்காது. ஆகவே ஒருவர் உருட்ட ஒருவர் வெட்டுவது நல்லது. ஒரு கிலோ பருப்பில் 80 துண்டுகளுக்குமேல் வரும். இரண்டிரண்டாகக் கடதாசியில் சுற்றி, பனையோலைப் பெட்டியில் அடுக்கிப் பாருங்கள். பட்டணத்து ஆட்கள் வீட்டுக்கும் இரண்டு கேட்டு வாங்கிப் போவார்கள். மாரி காலத்தில் இதே அல்வா காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும், ஆவணியில் அந்தத் தொல்லை இல்லை.

எள்ளுருண்டையைப் பற்றி ஒரு சொல். பிதிர்க்கடனோடு தொடர்புடையது என்று சில குடும்பங்களில் எள்ளை மங்கல காரியத்துக்கு வைப்பதில்லை. பெண் வீட்டுப் பெரியவர்களிடம் முன்னரே கேட்டுவிடுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுவதே அழகு.

ஆவணியில் பனம்பழம் விழுந்துகொண்டிருக்கும் என்பதால் பனங்காய்ப் பணியாரத்தை விட்டுவிடாதீர்கள். பழம் காசில்லை, செலவு கோதுமை மா, சீனி, எண்ணெய் மட்டுமே. பனங்களியை மெல்லிய துணியில் வடித்து, அடுப்பில் வைத்துக் கிண்டிப் பச்சை மணமும் காறலும் போக்கிய பிறகே மாவோடு சேர்க்க வேண்டும். முதல்நாள் மாலையில் சுட்டால் மறுநாள் மாலைக்கு நன்றாக இருக்கும்.

கேள்வி: ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கோப்பைகள், கரண்டிகளை மொத்தமாக வாங்கினால் மலிவாக முடியுமா? மேசை அலங்காரத்துக்கும் குறைந்த செலவில் வழி சொல்லுங்கள்.
— மணமகளின் அண்ணன், வவுனியா

பதில்: 2023 ஒக்டோபர் 1 முதல் பிளாஸ்ரிக் கரண்டி, முள்ளுக்கரண்டி, கோப்பை, தட்டு, உறிஞ்சுகுழல் ஆகியவை இலங்கையில் தடை செய்யப்பட்டுள்ளன, பிளாஸ்ரிக் பூமாலைகளும் அந்தப் பட்டியலில் உள்ளன. ரெஜிபோம் உணவுப் பெட்டிகளுக்கு 2017இலேயே தடை வந்துவிட்டது. எங்காவது பழைய இருப்பு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

மேசையில் கையால் எடுத்து உண்ணும் வகைகளே நிறைந்திருந்தால் கரண்டியும் கோப்பையும் அதிகம் தேவைப்படாது. வகைகளைத் தெரியும்போதே இதை மனதில் வைத்தால் ஒரு செலவு முழுதாகக் குறைகிறது. பாசி வில்லைக்கும் பணியாரத்துக்கும் கழுவித் துடைத்த வாழையிலைச் சதுரம் போதும். தயிருக்கு மட்டும் சிறு மண்கிண்ணமும் மரக்கரண்டியும் வாங்குங்கள். பிறகு அலங்காரம்: வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, அதன்மேல் பெண்ணின் கூறைக்குப் பொருந்தும் கரையுள்ள சேலையை நீளமாக மடித்துப் போட்டு, செங்கற்களையோ கவிழ்த்த பெட்டிகளையோ துணிக்கடியில் வைத்து உயரம் கொடுங்கள். உயரம் இரண்டு மூன்று படியாக அமைந்தால் பாதி நிறைந்த மேசையும் நிறைவாகத் தெரியும். பின்புறத்துக்குத் தென்னங்குருத்துத் தோரணம். அதைப் பின்னத் தெரிந்த ஒரு பெரியவர் எந்த ஊரிலும் இருப்பார். அவரைக் கூப்பிட்டால் மகிழ்ச்சியோடு வருவார்.

கேள்வி: கேக்கும் வெட்டி, இனிப்பு மேசையும் வைக்க வேண்டுமா?
— மணமகள், முல்லைத்தீவு

பதில்: பெட்டியில் போட்டுக் கொடுக்கும் கேக்கும் இனிப்பு மேசையும் ஒரே வேலையையே செய்கின்றன. முந்திரியும் பட்டரும் முட்டையும் சேரும் கேக்கே இரண்டில் விலை கூடியது. மணமக்கள் வெட்டுவதற்கு ஒரு கிலோவில் சிறிய கேக் ஒன்றைச் செய்வித்து, விருந்தினருக்கு மேசையை வையுங்கள். அந்த ஒரு கிலோவை இரு வீட்டுப் பெரியவர்களுக்குப் பகிர்ந்தால் போதும். சைவ விருந்தென்றால் முட்டையில்லாமல் செய்யச் சொல்ல மறவாதீர்கள்.

கேள்வி: எங்கள் சொந்தத்தில் நீரிழிவு உள்ளவர்கள் அதிகம். பனங்கட்டியில் செய்தால் அவர்கள் உண்ணலாமா? சிறு பிள்ளைகளுக்கும் ஏதாவது கவனிக்க வேண்டுமா?
— மணமகளின் சித்தி, பூநகரி

பதில்: உண்ணலாம் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது, அது பிழை. பனங்கட்டியும் தேனும் இரத்தத்தில் சீனியை உயர்த்தவே செய்கின்றன. அவர்களுக்கென்று மேசையின் ஒரு முனையில் உப்பிட்டு வறுத்த கச்சான், அவித்த கடலை, கொய்யாத் துண்டு ஆகியவற்றைத் தனியாக, பெயர் எழுதி வையுங்கள். பெயர் எழுதுவது எல்லா வகைக்கும் நல்லது. கச்சான் ஒவ்வாதவர்கள் உண்டு. அவர்களுக்கு அது உயிராபத்தாகவும் முடியலாம்.

ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் துளிகூடக் கொடுக்கக் கூடாது. நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உருண்டையான கடின இனிப்பும் முழுக் கச்சானும் தொண்டையில் அடைக்கும் ஆபத்து உண்டு. பல்லிமுட்டைப் போத்தல், தோடம்பழ இனிப்புப் போத்தல் இரண்டையும் சிறு கைகளுக்கு எட்டாத மேற்படியில் வைத்து, கீழ்ப்படியில் பாசி வில்லையையும் தேங்காய் ரொபியையும் வையுங்கள்.

கேள்வி: மண்டபக்காரர் சாப்பாடு, மேடை, இனிப்பு மேசை எல்லாவற்றையும் ஒரே பொதியாகத் தருகிறார். கையில் உள்ள காசு சாப்பாட்டுக்கே சரி. இனிப்பு மேசைக்கு மட்டும் நுண்கடன் எடுக்கலாமா என்று யோசிக்கிறோம். கிழமைத் தவணைதானே, கட்டிவிடலாம் என்கிறார் கணவர்.
— மணமகளின் தாய், மல்லாவி

பதில்: எடுக்க வேண்டாம், அம்மா. கிழமைத் தவணை சிறிதாகத் தெரிவதால்தான் எத்தனையோ வீடுகளில் ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுக்க நேர்ந்தது. அந்தச் சுமையை வன்னியில் பெரும்பாலும் தாங்கியவர்கள் பெண்கள். ஒரு மாலைநேரத்து மேசைக்காக அந்தக் கதவைத் திறக்காதீர்கள். திருமணம் முடிந்த பின்னும் மறுவீடு, வரிசை, பயணம் என்று செலவுகள் வரிசையாக நிற்கும். அவற்றுக்குக் கையில் காசு வேண்டும்.

மண்டபக்காரரிடம் கணவரையும் அழைத்துக்கொண்டு நேரில் போங்கள். பொதியிலிருந்து இனிப்பு மேசையை நீக்கினால் எவ்வளவு குறைப்பார் என்று கேளுங்கள். வெளியிலிருந்து கொண்டுவரும் பலகாரத்தை அனுமதிப்பாரா, அதற்கென்று தனிக்கட்டணம் உண்டா, மேசையும் விரிப்பும் அவர் தருவாரா, மின்சாரம் போனால் மின்பிறப்பாக்கி எவ்வளவு நேரம் ஓடும் என்பவற்றையும் கேட்டு, சொன்னவற்றைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். சிலர் வாய்ப்பேச்சில் சம்மதித்துவிட்டு, விருந்தன்று வாசலில் வைத்துக் கட்டணம் கேட்பதுண்டு. பிறகு சொந்தத்துக்குள் சொல்லுங்கள்: மொய்க்குப் பதிலாக ஒரு வீடு பால் ரொபி, ஒரு வீடு அரியதரம், ஒரு வீடு பத்துத் தேங்காய் என்று கேட்பதில் வெட்கப்பட ஏதுமில்லை. கேட்டால் மனமுவந்து செய்யக்கூடியவர்கள் உங்களுக்கு மல்லாவியிலேயே இருப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை துண்டு, என்ன பருமன், எந்த நாளில் கொண்டுவர வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ரின்களின் மூடியில் அவரவர் வீட்டுப் பெயரை ஒட்டிவைத்தால் பிறகு திருப்பிக் கொடுக்கும்போது மாறாது. மிஞ்சுவதை மறுநாட் காலையிலேயே அதே ரின்களில் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுங்கள். வெறும் ரின் அனுப்பும் வழக்கம் நம்மிடம் இல்லை.